பைக் மீனுக்கான ராடும் லூரும் (போலி இரையும்) நம்ம ஏரி விராலுக்கு ஆகுமா?

காட்பாடி_நரம்பு எழுதியது:

வணக்கம். ஸ்வீடன்ல இருக்கிற மச்சான் ஒரு பெட்டி நிறைய தூண்டில் சாமான் கொடுத்துட்டுப் போயிருக்கார். எல்லாமே அங்க நார்தர்ன் பைக்ங்கற குளிர் நாட்டு வேட்டை மீனுக்குன்னு வாங்கினது. நான் போடப் போறது காட்பாடி சுத்துப்பட்டு ஏரிகள்லயும் காவேரிப்பாக்கம் ஏரியிலயும், விராலுக்கு. பெட்டியில இருக்கிறது இதுதான்:

8 அடி ராடு, மேல 40–100 கிராம்னு போட்டிருக்கு. 4000 சைஸ் ஸ்பின்னிங் ரீல். அதுல 0.28 மி.மீ. பிரெய்ட் (பின்னல் நரம்பு) சுத்தியிருக்கு. 30 செ.மீ. ஸ்டீல் ட்ரேஸ் (நரம்புக்கும் லூருக்கும் நடுவுல கட்டற கம்பி) ஒரு பாக்கெட். 18 செ.மீ. நீளத்துல கட்டையான ஒரு ஜெர்க் பெய்ட் (வெட்டி வெட்டி இழுக்கற லூர்), அடியில மூணுமுள் (மூணு நுனி உள்ள முள்) ரெண்டு. 20 செ.மீ. ரப்பர் மீன் ரெண்டு. 28 கிராம் ஸ்பூன் (கரண்டி மாதிரி குழிஞ்ச உலோக லூர்) ஒண்ணு. 5-ஆம் நம்பர் ஸ்பின்னர் (சுழல்ற தகடு வெச்ச லூர்). அப்புறம் நீட்டுக் குறடு, கம்பி வெட்டற கட்டர்.

எதை வெச்சுக்கலாம், எதை மாத்தணும்? ஸ்டீல் ட்ரேஸ் கட்டாயமா? இப்ப எந்த லூரைப் போட்டாலும் ரெண்டாவது சுத்துலயே பாசியில மாட்டுது. மச்சானைக் கேட்டா "கோரை ஓரமா போட்டு இழு"ன்னு சொல்றார். நம்ம ஏரியில ஓரம் எது, நடு எதுன்னே தெரியலை.

---

கலங்கல் எழுதியது:

தம்பி, ரீலும் பிரெய்ட்டும் அப்படியே ஆகும். லூர்ல ஒண்ணு ரெண்டு தேறும். ராடு சந்தேகம். ட்ரேஸை உறையை விட்டு எடுக்கவே வேணாம்.

முதல்ல ராடு. 40–100 கிராம்னு போட்டிருந்தா அந்த எடை நுனியில இருந்தாத்தான் ராடு வளைஞ்சு வீசும். விராலுக்குப் போடற ரப்பர் தவளை 10-லேர்ந்து 16 கிராம். அதைக் கட்டி வீசினா ராடு விறைப்பாவே நிக்கும், லூர் கிட்டக்கவே விழும். விரால் கரையில ஆள் அசைஞ்சாலே உள்ள போயிடற மீன், அதனால தூரம் முக்கியம். 6½ அல்லது 7 அடியில, 10–30 இல்லைன்னா 15–40 கிராம் போட்ட ராடு ஒண்ணு வாங்கிக்கோ. அடிக்கட்டை விறைப்பா இருக்கட்டும், நுனி மட்டும் கொஞ்சம் வளையட்டும். பாசிக்குள்ளேர்ந்து மீனை இழுக்கறது அடிக்கட்டையோட வேலை.

பிரெய்ட் 0.28 நல்ல கனம். உறை மேல எத்தனை பவுண்டுன்னு பாரு, 40 பவுண்டுக்குக் குறையாம இருந்தா போதும். இங்க அந்தக் கனம் மீனோட எடைக்காக இல்லை. ரெண்டு கிலோ விராலை 15 பவுண்டு நரம்பே தாங்கும். ஆனா மீனோட சேர்ந்து நாலு கிலோ வேலம்பாசியும் வரும், அல்லித் தண்டு வரும், சில சமயம் ஆகாயத்தாமரை குத்தோட வரும். மெல்லிசான பிரெய்ட் அறுந்துடும். தங்கூஸ் நரம்பு இழுவையில நீளும், அதனால முள் ஏறாது.

ட்ரேஸ் விஷயம். பைக்குக்குக் கீழ்த்தாடையில பெரிய கூர்ப்பல், மேலண்ணத்துல உள்பக்கமா சாய்ஞ்ச சின்னப் பல் நூத்துக்கணக்குல. பிரெய்ட்டை ஒரே கடியில வெட்டிடும், அதனால அங்க ட்ரேஸ் இல்லாம போடறதே தப்பு. விராலுக்கும் பல் உண்டு, ஆனா கூர் குறைவு, பிரெய்ட்டை அரைக்குமே தவிர ஒரேயடியா வெட்டாது. ஒவ்வொரு மீனுக்கு அப்புறமும் கடைசி 30 செ.மீ.-ஐ நகத்தால தடவிப் பாரு. சொரசொரப்பா இருந்தா வெட்டிட்டுப் புதுசா முடிச்சுப் போடு. ட்ரேஸ் கட்டினா தவளையோட மூக்கு கனத்துத் தண்ணிக்குள்ள குத்தும், அதோட கொக்கி வளையத்துல பாசி சேரும்.

இப்ப லூர் ஏன் மாட்டுதுன்னு. பைக், விரால் ரெண்டுமே பதுங்கி இருந்து பாயற மீன்தான், ஆனா பதுங்கற இடம் வேற. பைக்குக்கு முதுகுத் துடுப்பும் அடித் துடுப்பும் பின்னால, வாலை ஒட்டி இருக்கு. பாசியோட விளிம்புல அசையாம நின்னு, எதிர இருக்கிற திறந்த தண்ணிக்குள்ள ஒரே பாய்ச்சலா பாயறதுக்கான உடம்பு அது. உன் மச்சான் சொன்ன கோரை ஓரம் அதுதான். அந்த லூர்கள் எல்லாம் ஒண்ணு ரெண்டு மீட்டர் ஆழத்துல, தடையில்லாத தண்ணில நீந்தறதுக்குச் செஞ்சது. விரால் பாசிக்கு உள்ளயே, அதுவும் அடர்த்தியான இடத்துல இருக்கும். ஏன்னா அதுக்கு மேல வந்து காத்து குடிச்சே ஆகணும், வர்ற நேரத்துல கொக்கு, நீர்க்காகம் கண்ணுல படாம இருக்க மேல ஒரு மறைப்பு வேணும். மூணுமுள்ளைத் தொங்க விட்டுக்கிட்டு அந்த மறைப்புக்குள்ள எதையும் இழுக்க முடியாது. ஜெர்க் பெய்ட்டை ஷோகேஸ்ல வை.

---

காட்பாடி_நரம்பு எழுதியது:

ரொம்ப நன்றிண்ணா. தவளை லூர் ரெண்டு வாங்கிட்டேன். மீன் அடிக்குது, நல்லா சத்தமாவே அடிக்குது, ஆனா மாட்டலை. தவளை மட்டும் திரும்பி வருது. முள் மழுங்கலா?

---

அல்லிக்குளம் எழுதியது:

முள் மழுங்கலா இருக்க வாய்ப்பு கம்மி ப்ரோ. பெரும்பாலும் மூணு காரணம்தான், அதுல முதல் காரணம் கை.

அடிச்ச சத்தம் கேட்டதும் ராடைத் தூக்கறீங்க. அந்த நேரத்துல விரால் தவளையை வாயில கவ்வியிருக்குமே தவிர உள்ள வாங்கியிருக்காது. தவளையை அடியிலேர்ந்து மேல தள்ளிக் கவ்வும், அப்புறம் தலையைத் திருப்பிக் கீழ இறங்கும். இறங்கும்போதுதான் வாய் முழுசா மூடும். அதனால சத்தம் கேட்டதும் ராடு நுனியைத் தண்ணி பக்கம் தாழ்த்தி, தொங்கற நரம்பைச் சுத்திட்டு, கையில பாரம் தெரிஞ்ச பிறகு ஒரே இழுப்பா மேல அடிங்க. ஒரு நொடி, ரெண்டு நொடிதான் ஆகும். பாரம் தெரியலைன்னா அடிக்காதீங்க. தவளை அங்கயே மிதக்கட்டும், லேசா ஆட்டுங்க. அதே மீன் திரும்ப வரும். பதறி இழுத்துட்டா அந்தப் பாசி ஓட்டைக்கு அரை மணி நேரம் லீவு.

ரெண்டாவது, தவளையோட உடம்பு. புது ரப்பர் விறைப்பா இருக்கும், கடிச்சா அமுங்கணும், அமுங்கினாத்தான் முள் வெளிய வரும். சுடுதண்ணில ஒரு நிமிஷம் போட்டுப் பிசைஞ்சா இளகும். முதுகோட ஒட்டிப் படுத்திருக்கிற ரெட்டை முள்ளைக் குறடால பிடிச்சு ஒவ்வொண்ணையும் ஒண்ணு ரெண்டு மி.மீ. மேல நிமிர்த்துங்க. அதுக்கு மேல போனா பாசி வாரும். கால் குஞ்சம் நீளமா இருந்தா பாதியா வெட்டுங்க. மீன் குஞ்சத்தைக் கவ்விட்டுப் போறதும் "அடிச்சுது, மாட்டலை" கணக்குலதான் வரும். ஒரு பக்கம் மட்டும் ஒரு செ.மீ. நீளம் வெச்சா இழுக்கும்போது தவளை இடமும் வலமும் திரும்பும், அது நல்லது.

மூணாவது, தண்ணி. உள்ள தண்ணி ஏறின தவளை பின்பக்கம் மூழ்கி மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்கும். நாலஞ்சு வீச்சுக்கு ஒரு தடவை பிதுக்கி விடுங்க. முள் நுழையற துளை கிழிஞ்சு பெருசாயிடுச்சுன்னா அந்தத் தவளை முடிஞ்சுது.

இழுக்கற விதம்: ஆகாயத்தாமரை திட்டு மேலேயோ அல்லி இலை மேலேயோ போட்டு, இலை விளிம்புக்கு மெதுவா கொண்டு வந்து, தண்ணில "பொத்"துன்னு விழவிட்டு மூணு நொடி நிறுத்துங்க. மீன் அடிக்கறதுல பாதி அந்த நிறுத்தத்துலதான் விழும். ஒரே வேகத்துல சுத்திக்கிட்டே வந்தா குறவைதான் (விராலோட சின்ன சாதி) துரத்தும்.

மாட்டினதும் ராடு மேல, நரம்பு இறுக்கம், முதல் மூணு நாலு வினாடி இடைவெளி விடாம சுத்தணும். ரீல் டிராக் (நரம்பு வெளிய ஓடாம பிடிக்கற பிரேக்) நல்லா இறுக்கியிருக்கட்டும். பைக்கை ஓடவிட்டுப் பிடிக்கலாம், விரால் ஒரு முழம் ஓடினா வேர்ல சுத்திடும். சுத்திட்டா இழுத்துப் பலப்பரீட்சை வேணாம். நரம்பைத் தளர்த்திட்டுக் கொஞ்ச நேரம் நில்லுங்க, அதுவே பிரிச்சுக்கிட்டு வர்றது உண்டு.

---

குடியாத்தம்_டூ_உப்சாலா எழுதியது:

அந்த மச்சான் பக்கத்து நியாயத்தையும் சொல்லிடறேன். இங்க ஸ்வீடன்ல கோரை ஓரமா போட்டு இழுக்கறதுதான் சரியான முறை. பால்டிக் கடலோரத்து உவர் தண்ணிலயும் பைக் உண்டு, அங்கயும் இதேதான். ஆனா ரெண்டு ஊர்க் காலண்டரும் தலைகீழ். பைக் பனி உருகின கையோட, தண்ணி 5–10 டிகிரியில இருக்கும்போதே, வெள்ளம் ஏறின புல்லுல முட்டை போட்டுட்டுப் போயிடும். காவல் கிடையாது, பெத்ததையே தின்னும். பெரிய மீன் எல்லாம் பொட்டை. நல்ல கடி செப்டம்பர், அக்டோபர், தண்ணி குளிர ஆரம்பிக்கும்போது. உலக சாதனையா பதிவான 25 கிலோ பைக்கும் 1986 அக்டோபர்ல ஜெர்மனியில பிடிச்சதுதான். தண்ணி 20 டிகிரிக்கு மேல போனா பெரிய பைக் ஆழத்துக்கு இறங்கிடும். அந்தச் சூட்டுல பிடிச்சு விட்டா போராடின களைப்புலயே செத்துடும்னு கோடையில பல பேர் பைக் பக்கமே போறதில்லை.

விராலுக்குச் சூடுதான் பசி. ஜனவரி விடியக்காலை வேலூர் குளிர்ல தவளை போட்டா ஒண்ணும் நடக்காது, வெயில் ஏறி ஒன்பது மணி ஆகட்டும். பிப்ரவரியிலேர்ந்து மே வரை ஏரி வத்த வத்த மீன் ஒதுங்கற இடம் குறையும், கண்டுபிடிக்கறது சுலபம். கத்திரி வெயில்ல மட்டும் காலை ஆறுலேர்ந்து எட்டரை, சாயந்திரம் நாலரைக்கு மேல.

இன்னொண்ணு: அந்த நீட்டுக் குறடையும் கட்டரையும் தூக்கிப் போட்டுடாதீங்க. பெட்டியில உங்களுக்கு அதிகம் உழைக்கப் போறது அதுங்கதான். பைக்கைச் செவுள் மூடிக்குக் கீழ ரெண்டு விரல் கொடுத்துப் பிடிப்பாங்க. விரால் கிட்ட அது நடக்காது, ஈர சோப்பு மாதிரி வழுக்கி உடம்பை முறுக்கும். நனைச்ச துணியால கழுத்துக்குப் பின்னால அழுத்திப் பிடிச்சு, குறடால ரெட்டை முள்ளோட வளைவைப் பிடிச்சுக் கீழ தள்ளித் திருப்பினா வந்துடும். முள்ளோட எதிர்க்கொண்டியை (பின்னோக்கி நிக்கற குட்டி நுனியை) முன்னாடியே குறடால நசுக்கி வெச்சுட்டா இன்னும் சுலபம். முள் நம்ம விரல்ல ஏறினா கட்டர் எதுக்குன்னு புரியும்.

---

வரத்துக்கால்வாய் எழுதியது:

ஒரு சந்தேகம். இவ்வளவு நல்ல மீன்னா பைக்கையே ஏலகிரி புங்கனூர் ஏரியிலயோ ஜவ்வாது மலையிலயோ விட்டு வளர்க்கலாமே? மலைதானே, குளிர்தானே?

---

மீன்வளம்_ராணிப்பேட்டை எழுதியது:

ஏலகிரி சுமார் 1,100 மீட்டர். நமக்கு இதமா இருக்குமே தவிர பைக்குக்கு அது குளிர் இல்லை. சினை முற்ற நீண்ட குளிர்காலமும், முட்டை போட 10 டிகிரியை ஒட்டிய தண்ணியும் வேணும். நீலகிரியில அவலாஞ்சியில ட்ரௌட் வாழுதுன்னா அது 2,000 மீட்டருக்கு மேல, ஓடற தண்ணி.

வாழாதுங்கறது ஒரு பக்கம். வாழ்ந்தா இன்னும் மோசம். வெளிநாட்டு மீனை மத்திய அரசு அனுமதி இல்லாம கொண்டுவரவே முடியாது, அதுக்குக் காரணமும் இருக்கு. கலிஃபோர்னியாவுல டேவிஸ் ஏரியில யாரோ திருட்டுத்தனமா விட்ட பைக் 1994-ல தெரிய வந்துச்சு. 1997-ல ஏரிக்கே மருந்து போட்டு எல்லா மீனையும் கொன்னாங்க. 1999-ல பைக் திரும்பத் தலைகாட்டுச்சு. 2007-ல மறுபடியும் மருந்து. குடிதண்ணி ஏரிங்கறதால ஊரே சண்டைக்கு நின்னுச்சு. நமக்கு ஆப்பிரிக்கக் கெளுத்தி ஒண்ணே போதும். அதைத் தடை பண்ணி இத்தனை வருஷம் ஆகியும் ஏரியிலேர்ந்து எடுக்க முடியலை.

பேச்சு வந்ததால விரால் பத்திச் சிலது. ஏரித் தண்ணி மேல செம்மஞ்சள் நிறத்துல பொடிக் குஞ்சுங்க பந்து மாதிரி சேர்ந்து, மழைத்துளி விழறாப்புல மேல வந்து வந்து போகுதுன்னா அடியில தாயும் தகப்பனும் நிக்குதுன்னு அர்த்தம். அங்க தவளையைப் போட்டா உடனே அடிக்கும். பசியில அடிக்கலை, குஞ்சைக் காக்க அடிக்குது. யூடியூப்ல இதையே ஒரு டெக்னிக்னு சொல்லித் தர்றாங்க, கேவலம். பெரிசைத் தூக்கிட்டா அந்தப் பந்தை ஜிலேபியும் குறவையும் கொஞ்ச நேரத்துல காலி பண்ணிடும். வேலூர் பக்கம் ரெண்டு பருவமழையும் கிடைக்கறதால ஜூன்லேர்ந்து டிசம்பர் வரை எப்ப வேணா குஞ்சு பாக்கலாம். குஞ்சு கண்ணுல பட்டா இருபது முப்பது மீட்டர் தள்ளிப் போய்ப் போடுங்க. கோடி போகும்போது (ஏரி நிரம்பி வழியும்போது) கலங்கல் மேல எதிர்நீச்சல் போடற விராலும் சினைதான், அதையும் விட்டுடலாம்.

மார்கழி, தை குளிர்ல உடம்புல செம்புண்ணோட விரால் மாட்டும். அது பூஞ்சை மாதிரி ஒரு கிருமியால வர்ற புண்நோய், தண்ணி குளிர்ந்தா கிளம்பும். அந்த மீனையோ அதை வெச்ச தண்ணியையோ வேற ஏரிக்கு, வீட்டுத் தொட்டிக்குக் கொண்டு போகாதீங்க. அதே துணி, அதே வாளியைச் சுண்ணாம்புத் தண்ணில அலசிக் காய வெச்சுட்டுத்தான் அடுத்த ஏரி.

"விரால் உயிரோட இருக்கு, அப்ப தண்ணி சுத்தம்"னு நினைக்கற பழக்கம் ஒண்ணு இருக்கு. கெண்டை செத்து மிதக்கிற தண்ணிலயும் விரால் இருக்கும், ஏன்னா அது மூச்சுக்குத் தண்ணியை நம்பி இல்லை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஷெட் கழிவு பத்தி 1996-லயே உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கு. பாலாத்துல அந்தப் பக்கத்துக் குட்டைகள்ல பிடிச்சா திரும்ப விட்டுடுங்க, குழம்புக்கு வேணாம்.

---

கலங்கல் எழுதியது:

அவர் சொல்லாம விட்டது ஒண்ணு: அனுமதி. பெரும்பாலான ஏரிக்கு மீன்பாசி (மீன் பிடிக்கற உரிமை) ஏலம் போயிருக்கும், குத்தகைக்காரர் காசு கட்டிக் குஞ்சு விட்டிருப்பார். "ராடுதானே, வலையா போடறேன்"னு நின்னா சண்டைதான் வரும். கரையில காவல் இருக்கிற ஆள்கிட்ட முதல்லயே கேளு. விட்ட குஞ்சைத் தின்னுதுன்னு விராலைப் பிடிச்சா சந்தோஷப்படற குத்தகைக்காரரும் உண்டு, கட்லா ரோகுவைத் தொடாதேன்னு மட்டும் சொல்லுவார். யார் பொறுப்புன்னு தெரியலைன்னா ஊராட்சியில கேட்டா சொல்லிடுவாங்க.

உயிரோட கொண்டு போகணும்னா வாளியில முதுகு நனையற அளவு தண்ணி போதும். விளிம்பு வரை நிரப்பி மூடினா மேல காத்துக்கு இடம் இல்லாம மூச்சுத் திணறிச் செத்துடும். மூடி வலைத்துணியா இருக்கட்டும், இறுக்கிக் கட்டு, எகிறும். தண்ணிக்குள்ள முழுசா மூழ்கற வலைப்பையிலயும் போடாதே, அதே காரணம்தான். கழுவறதுக்குக் கல்லுப்பும் அடுப்புச் சாம்பலும் போட்டு வாலிலேர்ந்து தலைப்பக்கமா தேய்ச்சா வழுவழுப்பு போயிடும்.

---

காட்பாடி_நரம்பு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நிறுத்திப் போட்டதுல இப்ப மாட்ட ஆரம்பிச்சிருக்கு. கடைசியா, அந்த 28 கிராம் ஸ்பூனும் ரப்பர் மீனும் 5-ஆம் நம்பர் ஸ்பின்னரும் வீணா? பெரிய ராடையும் சும்மா வைக்க மனசு வரலை.

---

அல்லிக்குளம் எழுதியது:

ஸ்பூன் அந்த ராடுக்குக் கொஞ்சம் லேசுதான், ஆனாலும் நீளமான ராடுங்கறதால போகும். பின்னால இருக்கிற மூணுமுள்ளைக் கழட்டிட்டு 4/0 ஒத்தை முள் ஒண்ணை அதே வளையத்துல மாட்டுங்க. முள் நுனி ஸ்பூனோட குழிவான பக்கம் பாத்து இருக்கணும், மாத்தி மாட்டினா சுழல்றப்ப கீழ இருக்கிற பாசியை வாரும். ரீல் நரம்புக்கும் ஸ்பூனுக்கும் நடுவுல ஒரு சுழல் வளையம் போடலைன்னா பிரெய்ட் முறுக்கிக்கும். போட வேண்டிய இடம் மதகுக்கு எதிர இருக்கிற ஆழம், இல்லைன்னா வண்டல் எடுத்த பள்ளம். பாசி இல்லாத இடத்துல மட்டும். அங்க விராலை விட அவுரி (விராலோட பெரிய சாதி) மாட்ட வாய்ப்பு அதிகம், அது ஆழத்தை விரும்பற சாதி, எடையும் கூட.

ரப்பர் மீன் 20 செ.மீ. நம்ம சைஸுக்குப் பெருசு. ஒண்ணரைக் கிலோ விரால் வாலை மட்டும் கடிச்சுட்டுப் போயிடும். தலைப்பக்கத்தை வெட்டி 11–12 செ.மீ. ஆக்கி, 5/0 அகல வாய் ஆஃப்செட் முள்ளுல (கழுத்துல வளைவு உள்ள ஒத்தை முள்) கோத்து, முள் நுனியை ரப்பர் முதுகுக்குள்ள லேசா மறைச்சு வைங்க. ஈயம் வேணாம். கோரைத் தண்டு நடுவுல மேலாக இழுத்தா மாட்டாம வரும். சீமைக்கருவேல முள் மூழ்கிக் கிடக்கிற பக்கம் இதையும் போடாதீங்க, அங்க தவளை மட்டும்.

ஸ்பின்னர் 5 வேணாம். 3-ஆம் நம்பர் ஒண்ணு வாங்கி, தண்ணி ஓடற வாய்க்கால்ல போட்டா குறவையும் சின்ன விராலும் வரும்.